நாமா, நாங்களா? – இணையத்தின் ‘பொற்காலம்’ பற்றி ஒரு வாசிப்பு

“அந்தக் காலத்து இண்டர்நெட் மாதிரி வருமா?” இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. நாற்பது வயதைத் தொட்டவர்கள் சொன்னால் புரிந்துகொள்ளலாம். மோடம் கத்தும் சத்தத்தைக் கேட்டே இராத இளையவர்கள்கூட இதையேதான் சொல்றாங்க. விளம்பரத் தொல்லை இல்லை, வேவு பார்க்கும் நிறுவனம் இல்லை, அவரவர் மனம்போல் கட்டிய சொந்தப் பக்கங்கள், முகம் தெரியாத நல்ல நண்பர்கள் என்று மனத்தில் ஒரு படம் இருக்கிறது. அந்தப் படத்தில் உண்மையும் உண்டு. ஆனால் “முன்பு இணையம் சுதந்திரமாக இருந்தது, இன்று வணிகமயமாகிவிட்டது” என்று மாணவர்கள் ஒரே வரியில் எழுதி முடிக்கும்போது அது சொந்தக் கருத்தாகத் தெரிவதில்லை. எங்கோ கேட்டதைத் திருப்பிச் சொன்ன மாதிரிதான் இருக்கிறது.

இந்த ஏக்கத்துக்குப் பின்னால் ஒரு புகழ்பெற்ற பனுவல் இருக்கிறது. இணையம் என்னவாக ஆகியிருக்க வேண்டும், எதை இழந்துவிட்டோம் என்று பேசுகிறவர்கள் பலர் தெரிந்தோ தெரியாமலோ அதன் சொற்களில்தான் பேசுகிறார்கள். அதை ஓர் இலக்கியப் பனுவலை வாசிப்பதுபோல நிதானமாக வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கட்டுரை எழுதும் மாணவர்களுக்கும் அவர்களுக்குக் கற்பிக்கும் நமக்கும் இதில் பயன் உண்டு.

பனுவலும் பின்னணியும்

‘சைபர்வெளியின் விடுதலைப் பிரகடனம்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். எழுதியவர் ஜான் பெர்ரி பார்லோ என்ற அமெரிக்கர். வயோமிங் மாநிலத்தில் மாட்டுப் பண்ணை நடத்தியவர்; கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழுவுக்குப் பாடல்கள் எழுதியவர்; 1990இல் எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர். 1996 பிப்ரவரி 8ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் இருந்தபோது இப்பிரகடனத்தை எழுதி வெளியிட்டார்.

அதே நாளில்தான் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தின் ஒரு பகுதி, சிறுவர்கள் பார்க்கக்கூடிய இடத்தில் ‘அநாகரிகமான’ செய்திகளை இணையத்தில் இடுவதைக் குற்றமாக்கியது. எது அநாகரிகம் என்று தெளிவாக வரையறுக்காமல் எல்லாருடைய வாயையும் கட்டப் பார்க்கிறார்கள் என்ற கோபத்தில் பிறந்ததுதான் பிரகடனம்.

‘சைபர்ஸ்பேஸ்’ என்ற சொல்லும் பார்லோவுடையது அல்ல. வில்லியம் கிப்சன் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் 1982இல் ஒரு சிறுகதையில் பயன்படுத்தி, 1984இல் ‘நியூரோமான்சர்’ நாவலின் வழியாகப் பரப்பிய சொல் அது. ஒரு புனைகதைச் சொல்லை எடுத்து அதை ஒரு நாட்டின் பெயர்போல ஆக்கினார் பார்லோ. நாடு என்று ஆகிவிட்டால் அதற்கு எல்லை வேண்டும், குடிமக்கள் வேண்டும், விடுதலையும் வேண்டுமே! உருவகம் எப்படி ஒரு வாதத்தையே நடத்திச் செல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

நடை அழகும் அதன் விலையும்

பிரகடனத்தின் வடிவம் 1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை நினைவூட்டுகிறது. அரசுகளை நேருக்கு நேர் விளித்துப் பேசுகிறது. நீங்கள் பழையவர்கள், களைத்துப் போனவர்கள், உடலின் உலகத்தைச் சேர்ந்தவர்கள்; எங்கள் இடம் மனத்தின் உலகம்; உங்கள் சட்டம் இங்கே செல்லாது என்பது அதன் சாரம். உடலும் மனமும், பழமையும் புதுமையும், எல்லையும் எல்லையின்மையும் என்று எதிர்மறைகளை அடுக்கிக்கொண்டே போகிறது. மேடைப் பேச்சுக்கு உரிய வேகம். படிக்கும்போது நமக்கே கொஞ்சம் சிலிர்க்கும். அதை மறைக்க வேண்டியதில்லை.

அது தரும் வாக்குறுதி என்னன்னா, இந்த வெளிக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம். இனம், பணம், படைபலம், பிறப்பு எதுவும் தடையாகாது. இங்கே உடல் இல்லாததால் உடலை வைத்து யாரும் யாரையும் அடக்க முடியாது என்பதுதான். இன்று ‘இழந்துவிட்டோம்’ என்று நாம் ஏங்குவது இந்த வாக்குறுதியைத்தான்.

இந்த இடத்தில் தமிழாசிரியர்களாகிய நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பனுவல் முழுக்க ஆங்கிலத் தன்மைப் பன்மைச் சொல் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. அதைத் தமிழில் பெயர்க்கச் சொன்னால் ‘நாம்’ என்று எழுதுவதா, ‘நாங்கள்’ என்று எழுதுவதா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. ‘நாம்’ கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும், உளப்படுத்தும் தன்மைப் பன்மை. ‘நாங்கள்’ கேட்பவரை வெளியே நிறுத்தும், உளப்படுத்தாத தன்மைப் பன்மை. மலாயில் ‘கித்தா’, ‘காமி’ என்ற வேறுபாடும் இதுவே என்பதால் நம் மாணவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

பார்லோ பேசுவது அரசுகளிடம். ஆகவே இலக்கணப்படி அது ‘நாங்கள்’. ஆனால் முப்பது ஆண்டு கழித்து அதைப் படித்து ஏங்குகிறவர்கள் ‘நாம்’ என்று படிக்கிறார்கள். ‘நாம் சுதந்திரமாக இருந்தோம், நாம் இழந்தோம்’ என்கிறார்கள். அப்படியா? அந்த ‘நாங்கள்’ என்ற கூட்டத்துக்குள் நாம் எப்போது சேர்ந்தோம்? இந்தப் பனுவலின் மேல் வைக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

எல்லையற்ற வெளியில் ஓர் எல்லை

யாரும் நுழையலாம் என்று பார்லோ எழுதிய நாளில், தமிழ் எழுத்து அந்த வெளிக்குள் எளிதாக நுழைய முடியவில்லை. காரணம் அரசுத் தடை எதுவும் இல்லை. கணினியின் எழுத்து அட்டவணைதான். அன்றைய கணினித் தொடர்பின் அடித்தளமான ஆஸ்கி குறியீட்டு முறையில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள், கட்டுப்பாட்டுக் குறிகள் ஆகியவற்றோடு அவை நிரம்பிவிட்டன. 247 எழுத்துகளைக் கொண்ட தமிழுக்கு அதில் ஓர் இடமும் இல்லை.

அதனால் தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஒவ்வொருவரும் தம் வசதிப்படி ஒரு குறியீட்டைப் பயன்படுத்தினார்கள். ஓர் எழுத்துருவில் தட்டெழுதியதை வேறு எழுத்துரு உள்ள கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல்தான் தெரியும். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரே எழுத்துருவை நிறுவியிருந்தால்தான் கடிதமே படிக்க முடியும். ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனாலும் சாதாரணப் பயனரின் கணினி அதைக் காட்டத் தொடங்க 2000ஆம் ஆண்டுவாக்கில்தான் முடிந்தது. எல்லையற்றது என்று சொல்லப்பட்ட வெளியின் வாசலில் இப்படி ஓர் எல்லைக்கோடு இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு அது தெரியவே இல்லை. உள்ளே பிறந்தவருக்கு வாசற்படி தட்டுவதில்லை, அல்லவா?

அந்தக் கோட்டை யார் அழித்தார்கள்? இங்கேதான் பிரகடனத்தோடு ஒரு சுவையான முரண் வருகிறது. சுதந்திரத்தைத் தடுக்க எல்லையில் காவல் போடும் நாடுகள் என்று பார்லோ சில நாடுகளைப் பெயர் சொல்லிச் சாடுகிறார். அந்தப் பட்டியலில் சிங்கப்பூரும் உண்டு. ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், 1995 அக்டோபரில், அதே சிங்கப்பூரில்தான் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட ஓர் இணையத்தளத்தை அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கிவைத்தார். அதில் தமிழும் இடம்பெற்றது. தமிழ் இணையத்தின் தொடக்க நிகழ்வுகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது. அதன் பின்னால் உழைத்தவர் எழுத்தாளரும் ஆசிரியர் பயிற்சி விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. ‘இணையம்’ என்ற சொல்லையே அவர்தான் தந்தார் என்று பலரும் சொல்வர். 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டுக்கும் அவரே முன்னின்றார். 1999இல் மறைந்தார்.

நம் நாட்டின் பங்கும் சிறியதன்று. முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கிவிட்டார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு எழுத்துருக் குறியீட்டுத் தரத்தையும் ‘தமிழ்99’ விசைப்பலகையையும் ஏற்றது. 2000இல் சிங்கப்பூர் மாநாட்டின்போது உத்தமம் அமைப்பு உருவானது. 2001 மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. ஆசிரியர்கள், பொறியாளர்கள், அரசுகள், தரநிர்ணயக் குழுக்கள் எல்லாம் கூடிப் பேசி, சண்டை போட்டு, சமாதானமாகித்தான் தமிழ் இணையத்தில் ஏறியது. அரசே விலகிப்போ என்று பார்லோ முழங்கிய அதே காலத்தில், அரசே வந்து தரம் அறிவி என்று தமிழர்கள் கேட்டார்கள். இரண்டுமே அந்தக் காலத்து இணைய வரலாறுதான். ஏக்கக் கட்டுரைகளில் முதலாவதுதான் வருகிறது.

காப்பாற்றியது எது?

பார்லோ எதிர்த்த சட்டப் பகுதி என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். 1997 ஜூன் 26இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதன் அநாகரிகப் பேச்சு விதிகளைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்களில் பார்லோ இணைந்து நிறுவிய அமைப்பும் ஒன்று. அதாவது சைபர்வெளியின் சுதந்திரத்தைக் காப்பாற்றியது பிரகடனத்தின் அழகு அல்ல. வழக்கறிஞர்கள், ஓர் அரசியலமைப்பு, ஒரு நீதிமன்றம் ஆகியவைதாம். எல்லாமே பிரகடனம் வேண்டாம் என்று தள்ளிய அந்தப் பழைய ‘உடல்’ உலகத்தைச் சேர்ந்தவை.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு இருந்தது. பயனர்கள் எழுதுவதற்குத் தளம் நடத்தும் நிறுவனத்தைப் பொறுப்பாளி ஆக்காத 230ஆம் பிரிவு. அது நிலைத்தது. இன்றைய பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் வளர அது பேருதவியாக இருந்தது. பிரகடனம் அரசுகளையும் பழைய தகவல் தொழில்களையும் சாடுகிறது. ஆனால் சைபர்வெளிக்குள்ளேயே பிறந்து வளரப்போகும் நிறுவனங்களைப் பற்றி அதில் எச்சரிக்கை இல்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்த காவலாளிக்கு வீட்டுக்குள் நடப்பது தெரியாமல் போன கதைதான்.

மலேசியாவிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். 1996இல் தொடங்கிய மல்டிமீடியா சூப்பர் கோரிடோர் திட்டத்தில் அரசு அளித்த பத்து உத்தரவாதங்களில் ஒன்று, இணையத் தணிக்கை இருக்காது என்பது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3(3) உட்பிரிவு, இச்சட்டத்தின் எதுவும் இணையத் தணிக்கைக்கு அனுமதி தருவதாகக் கொள்ளக் கூடாது என்கிறது. அதே சட்டத்தின் 233ஆம் பிரிவு பிறரைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இடப்படும் சில வகைச் செய்திகளைக் குற்றமாக்குகிறது. சைபர்வெளியின் பெயரில் செப்பாங்கில் ஒரு நகரமே எழுந்தது: சைபர்ஜெயா. பார்லோ மேகத்தில் தேடியதை இங்கே மண்ணில் கட்டி, சட்டத்தில் எழுதினார்கள். எழுதிய வாக்குறுதி என்பதால்தான் அதைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்கவும், விவாதிக்கவும், எந்தப் பிரிவு எதைத் தாண்டுகிறது என்று வழக்காடவும் முடிகிறது. காற்றில் சொன்ன வாக்குறுதியை யாரிடம் போய்க் கேட்பது?

இரண்டு வீடுகளின் கதை

ஏக்கத்தோடு நினைக்கப்படும் பெயர்களில் முக்கியமானது ஜியோசிட்டிஸ். 1994இல் தொடங்கிய இச்சேவை, சாதாரண மக்கள் இலவசமாகத் தங்கள் சொந்தப் பக்கங்களை அமைக்க இடம் தந்தது. பொருளுக்கு ஏற்ப அவற்றைக் ‘குடியிருப்பு’களாகப் பிரித்து வைத்திருந்தது. 1999இல் யாஹூ நிறுவனம் அதைச் சுமார் 350 கோடி அமெரிக்க டாலர் மதிப்பில் வாங்கியது. 2009 அக்டோபர் 26இல் மூடியது. பத்தாண்டுக்கும் மேலாக மக்கள் கட்டிய பக்கங்கள் ஒரே நாளில் போய்விட்டன. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு முடிந்தவரை நகலெடுத்து வைத்ததால்தான் ஒரு பகுதி மிஞ்சியது.

அதே காலத்தில் பிறந்த இன்னொன்று மதுரைத் திட்டம். 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியில் தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஊதியம் இல்லாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, பிழை பார்த்து, இலவசமாக வெளியிட்டார்கள். பார்லோவின் கனவு முழுப் பொய் அல்ல என்பதற்கு இதுவே சாட்சி. முகம் தெரியாதவர்கள், எல்லை கடந்து, பணமோ பதவியோ பாராமல் கூடி ஒரு பொதுச் சொத்தை உருவாக்க முடிந்தது. சங்க இலக்கியம் தேடும் எஸ்.டி.பி.எம். மாணவர் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ஜியோசிட்டிஸில் மக்கள் வீடு கட்டினார்கள், நிலம் வேறொருவருடையது. மதுரைத் திட்டத்தில் நூல்கள் யாரும் எடுத்துச் செல்லலாம் என்று கொடுக்கப்பட்டன. குறியீட்டு முறை மாறியபோது, பழைய டிஸ்கி வடிவில் இருந்தவற்றை ஒருங்குறிக்கு மாற்றவும் ஆள் இருந்தது. அலுப்பான வேலைதான். யாரும் அதைப் பாடலாக எழுத மாட்டார்கள். ஆனால் அந்த வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால் இன்று அந்த நூல்களும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

இதுதான் என் வாதத்தின் மையம். சைபர்வெளியின் வாக்குறுதியை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது பாதி உண்மை. மற்றப் பாதி, அதைப் பராமரிக்க ஆள் வைக்கவில்லை என்பது. எங்கெல்லாம் யாராவது ஒருவர் பொறுப்பேற்றாரோ அங்கெல்லாம் வாக்குறுதியில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கிறது. பிரகடனத்தில் விடுதலை உண்டு, பெருமிதம் உண்டு, வேலைப்பங்கீடு இல்லை. அதன் பெரிய குறை அதுவே.

எப்படி ஏங்குவது?

ஏங்குவதே தவறு என்று சொல்லவில்லை. ஸ்வெட்லானா போயம் என்ற இலக்கிய ஆய்வாளர் 2001இல் வெளியான தம் நூலில் ஏக்கத்தை இரு வகையாகப் பிரிக்கிறார். ஒன்று, போனதை அப்படியே மீட்டுக் கட்ட நினைப்பது. அது தன்னை ஏக்கம் என்றே ஒத்துக்கொள்ளாது, உண்மை என்று சொல்லிக்கொள்ளும். மற்றொன்று, போனது போனதுதான் என்று தெரிந்துகொண்டே அதைப் பற்றி யோசிப்பது. இணையப் பொற்காலம் பற்றிய பேச்சு பெரும்பாலும் முதல் வகை. நமக்கு வேண்டியது இரண்டாவது. அந்தக் காலத்தில் நல்லது எது, அது யாருக்கு வாய்த்தது, யார் உழைப்பில் வந்தது, அந்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள் என்று கேட்கிற ஏக்கம்.

ஒரு நியாயமான மறுப்பும் எழலாம். ‘அன்று தமிழுக்கு இடம் இல்லை என்பது சரி, ஆனால் இன்று இடம் கிடைத்தும் நம் நேரத்தையும் கவனத்தையும் நிறுவனங்கள் விற்கின்றனவே, அன்றைய நிலை மேல் இல்லையா?’ இந்தக் குறை உண்மைதான். 1993 ஏப்ரல் 30இல் செர்ன் ஆய்வுக்கூடம் உலகளாவிய வலைக்கான மென்பொருளை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டது. அந்தத் தாராளத்தின் மேல் எழுந்த தொழில்கள் அதே தாராளத்தைத் திருப்பித் தரவில்லை. ஆனாலும் பின்னால் திரும்பிப் போவது இதற்கு விடையாகாது. திரும்பிப் போனால் தமிழில் ஒரு வாழ்த்துக்கூட அனுப்ப முடியாத இடத்துக்குத்தான் போவோம்.

வகுப்புக்கு

ஆசிரியர்கள் இதை ஒரு பாடவேளையில் செய்து பார்க்கலாம். பிரகடனத்திலிருந்து தன்மைப் பன்மை வரும் ஐந்து வாக்கியங்களைக் கொடுத்து, மாணவர்களைத் தமிழில் பெயர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ‘நாம்’ போட்டார்களா, ‘நாங்கள்’ போட்டார்களா, ஏன் என்று வாய்மொழியாக விளக்கச் சொல்லுங்கள். இலக்கணப் பாடமும் கருத்துணர்தலும் ஒன்றாகவே நடந்துவிடும். அடுத்து, விளி, உருவகம், எதிர்மறை அடுக்கு ஆகிய உத்திகள் எந்த இடத்தில் வாதத்துக்கு உதவுகின்றன, எந்த இடத்தில் வாதம் இல்லாத குறையை மறைக்கின்றன என்று அடையாளம் காணச் சொல்லலாம்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு சொல். இணையம் பற்றிய கட்டுரை வந்தால் நன்மை மூன்று, தீமை மூன்று என்று பட்டியல் போடாதீர்கள். ‘முன்பு’ என்று எழுதினால் எந்த ஆண்டு என்று எழுதுங்கள். ‘எல்லாரும்’ என்று எழுதினால் அதில் யார் இல்லை என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ‘நாம்’ என்று எழுதும் முன் அது ‘நாங்கள்’ ஆகிவிடுமா என்று பாருங்கள். இந்த மூன்றையும் செய்தாலே உங்கள் கட்டுரை மற்றவர்களுடையதைப் போல இருக்காது.

பார்லோ 2018 பிப்ரவரி 7இல் மறைந்தார். பிரகடனம் வெளிவந்து 22 ஆண்டு நிறைவடைய ஒரு நாள் இருந்தது. அவர் எழுதியது ஒரு நல்ல ஆசை, அழகான நடையில். அந்த ‘நாங்கள்’ உண்மையிலேயே ‘நாம்’ ஆக வேண்டுமானால் மீதி வேலை இன்னும் இருக்கிறது: ஒரு நூலைத் தட்டெழுதிப் பிழை பார்ப்பது, ஒரு கலைச்சொல்லைச் சரியாக இடுவது, மூடப்போகும் தளத்தில் உள்ள நம் மாணவர் எழுத்தை நகலெடுத்து வைப்பது. இவற்றுக்குப் பிரகடனம் தேவையில்லை. ஆள்தான் தேவை.